வெயில் ஊரின் வக்கீல்

வக்கீல் கதை என்றால் நம்மவர்க்கு என்றுமே தனி ருசி உண்டு. ஜில்லாக் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பியவரைத் திண்ணையில் உட்கார வைத்து, "அவர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார்?" என்று துருவித் துருவிக் கேளாத கிராமம் தமிழ்நாட்டில் உண்டோ? நம்முடைய ஆதி காப்பியங்களுள் ஒன்று உச்சம் பெறுவதே ‘வழக்குரை காதை’யில்தான். அப்படிப்பட்ட ஜனங்கள் இன்று வீடுதோறும் கைப்பேசியில் வழக்குத் தொடர்களைப் பார்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சங்கரன்கோவிலில் விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்து உட்காரும் நெசவாளரும், முன்சீப் கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்குக் காத்திருக்கும் கட்சிக்காரரும், கோமதி அம்மன் சந்நிதியிலிருந்து வீடு திரும்பிய பெரியம்மாவும் ஒரே கதையை ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு, மறுநாள் அதைப்பற்றி ஒரே மூச்சாக விவாதிக்கிற காலம் இது.

அத்தகைய தொடர்களுள் உலகப் பிரசித்தி பெற்றது ஒன்று. அமெரிக்காவில் 2016 முதல் 2021 வரை நான்கு பருவங்களாக வெளிவந்த ‘கோலியாத்’. களம் லாஸ் ஏஞ்சலீஸ். வருஷம் முழுவதும் வெயில் காயும் கடற்கரைப் பட்டணம். பில்லி பாப் தார்ன்டன் என்ற நடிகர் ஏற்ற வேடம், பெரிய வக்கீல் கம்பெனி ஒன்றைத் தாமே ஸ்தாபித்து, பின்னர் அதிலிருந்து வெளியேறி, குடியில் விழுந்து, கடற்கரையோரம் ஒரு விடுதி அறையில் காலம் தள்ளும் மனிதர். அவர் கையில் ஒரு வழக்கு வருகிறது. எதிர்க்கட்சி ஆயுதக் கம்பெனி; அதற்காக வாதாடுவதோ அவரே ஸ்தாபித்த அந்தப் பழைய கம்பெனி. சிறுவன் தாவீது அரக்கன் கோலியாத்தைக் கவண் கல்லால் வீழ்த்திய விவிலியக் கதையே தலைப்பின் பொருள். நம் நாட்டிலும் இவ்வகைக் கதைகள் இப்போது நன்றாகவே வருகின்றன. 2021-ல் வெளியான ‘ஜெய் பீம்’ படம், பின்னாளில் நீதிபதியான சந்துரு அவர்கள் வக்கீலாயிருந்த நாளில் நடத்திய ஓர் உண்மை வழக்கைச் சொன்னது. 2025-ல் ‘சட்டமும் நீதியும்’ என்ற தொடரில் சரவணன் வக்கீலாக வந்தார்.

நல்லது. ஆனால் வெயில் காயும் கடற்கரைப் பட்டணம், தொழிலை இழந்த வக்கீல், எதிரே மலை போன்ற கம்பெனி என்று இத்தனையும் ஒருங்கே அமைந்த ஒரு கதை சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை வழியாகக் கிழக்கே போனால் அங்கேயே கிடக்கிறதே! அதைத் தொடராக எடுப்பார் இல்லையே என்பதுதான் நம் குறை. தூத்துக்குடி வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் கதையைச் சொல்கிறோம்.

"இது தெரியாத கதையா?" என்று நேயர்கள் கேட்கலாம். கப்பலோட்டியது தெரியும். செக்கிழுத்தது தெரியும். 1961-ல் ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி, பி. ஆர். பந்துலு ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தை எடுத்தார். சிவாஜி கணேசன் அதில் நடித்ததைக் கண்டு கண்ணீர் வடிக்காதவர் அபூர்வம். ஆயினும் வெளியான காலத்தில் அப்படம் முதலுக்கே மோசம் செய்தது என்பர். கப்பலையும் சிறையையும் காட்டுவதற்கே ஒரு படத்தின் நேரம் சரியாகிவிடும். வக்கீல் என்ற மனிதர் அதில் ஓரமாக ஒதுங்கிவிடுகிறார். நாம் பார்க்க விரும்புவது அந்த வக்கீலை.

கறுப்புக் கோட்டு

1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் சிதம்பரம் பிள்ளை. தகப்பனார் உலகநாத பிள்ளையும் வக்கீலே. மகன் சில காலம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாயிருந்துவிட்டு, திருச்சிராப்பள்ளிக்குச் சென்று சட்டம் படித்து, 1894-ல் பிளீடர் பரீட்சையில் தேறினார். மறு வருஷம் ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். உடையவர்களின் சொத்து வழக்குகள் தகப்பனாரிடம் போயின. போலீசாரிடம் சிக்கிய எளிய ஜனங்களின் கிரிமினல் வழக்குகள் மகனிடம் வந்தன. பணம் பெறாமலும் வாதாடினார். போலீசாருக்கு அவர்மேல் பிரியம் இருந்திருக்க நியாயமில்லை. 1900-ல் தூத்துக்குடிக்குக் குடி பெயர்ந்தார்.

தூத்துக்குடியின் வெயிலை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த வெயில்தான் உப்பளங்களில் பொன்னாக விளைகிறது. துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் போகும் ஆட்களும் சரக்கும் அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல்களையே நம்பியிருந்தனர். ஊரில் பேரும் பணமும் சேர்ந்திருந்த வக்கீல் ஒருவர் அந்தக் கம்பெனியோடு போட்டியிடப் புறப்பட்டது எந்தக் கணக்கில் சேரும் என்று அவருடைய நண்பர்கள் விழித்திருக்க வேண்டும். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். 1907-ல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள். முடிவில் அவர்கள் இனாமாகவே ஏற்றிச் சென்று, பிரயாணிக்கு ஒரு குடையும் பரிசளித்தார்கள் என்று சொல்வதுண்டு. வெயில் ஊர்க்காரனுக்குக் குடையைக் கொடுத்து வளைக்கப் பார்த்தவர்கள் வியாபாரத்தில் மூடர்கள் அல்லர்!

1908 பிப்ரவரி முடிவில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். தொழிலாளர் வென்றார்கள். கம்பெனிக்கு எதிராகக் கப்பல், மில்லுக்கு எதிராக வேலைநிறுத்தம் என்று இரண்டும் ஒரே வக்கீலின் கையில் கூடியபின் சர்க்கார் சும்மா இருக்குமா? விபின் சந்திர பாலரின் விடுதலையை மார்ச் மாதம் ஊர்வலமாகக் கொண்டாடியதே சாக்காயிற்று. 12-ஆம் தேதி கலெக்டர் விஞ்ச், பிள்ளையையும் சிவாவையும் பத்மநாப அய்யங்காரையும் திருநெல்வேலியில் சிறை வைத்தார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகரசபைக் கட்டடத்திலும் தபால் ஆபீஸிலும் தீ எழுந்தது, துப்பாக்கிகள் முழங்கின, நால்வர் மாண்டனர். தோழர்கள் உள்ளே இருக்கத் தாம் மட்டும் ஜாமீனில் வெளிவரச் சிதம்பரம் பிள்ளை இசையவில்லை என்பர்.

பேச்சு தமிழ், தீர்ப்பு இங்கிலீஷ்

இதன் பிறகு வருவதுதான் கோர்ட்டு நாடகம். தொடர் எடுப்போர் இங்கே நிதானிக்க வேண்டும். வேகமாகக் கடந்து போய்விடக்கூடாது.

குற்றச்சாட்டு இராஜத் துரோகம்: இந்தியன் பீனல் கோடு 124-ஏ பிரிவு. இப்பிரிவு 1860-ல் இயற்றப்பட்ட மூலச் சட்டத்தில் இல்லை. 1870-ல் நுழைக்கப்பட்டு, 1898-ல் மேலும் இறுக்கப்பட்டது. சர்க்காரிடம் ‘அப்ரீதி’ உண்டாக்குவது குற்றம் என்பது அதன் சாரம். கொலைக்குப் பிணம் வேண்டும், திருட்டுக்குப் பொருள் வேண்டும். அப்ரீதிக்கு ஒன்றும் வேண்டாம். கேட்டவர் நெஞ்சில் என்ன பிறந்திருக்கும் என்று நீதிபதி ஊகித்தால் போதும். மேடையில் பேசியது தமிழ். அதைக் குறித்துக்கொண்டது போலீசார். கோர்ட்டு ஏறியது இங்கிலீஷ். தீர்ப்பளித்தவர் அடிஷனல் செஷன்ஸ் ஜட்ஜ் பின்ஹே. வாயிலிருந்து புறப்பட்ட சொல் நீதிபதியின் காதை எட்டுவதற்குள் எத்தனை வாசல் தாண்ட வேண்டியிருந்தது பாருங்கள். கிரிமினல் வழக்குகளில் போலீஸ் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்தே பிழைப்பு நடத்தியவர் கைதிக் கூண்டிலே நின்று அதே வகைச் சாட்சியத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதைவிட உக்கிரமான காட்சியை எந்தக் கதாசிரியர் கற்பனை செய்யப் போகிறார்?

1908 ஜூலை 7-ஆம் தேதி தீர்ப்பு. சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்து வருஷம். சிதம்பரம் பிள்ளைக்குத் தம் பேச்சுக்காக ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக மற்றோர் ஆயுள். அக்காலச் சட்டக் கணக்கில் ஓர் ஆயுள் என்பது இருபது வருஷமாகையால் நாற்பது வருஷத் தண்டனை என்றே ஜனங்கள் பேசினார்கள். அந்த இரண்டாவது தண்டனையை நேயர்கள் சற்றே உற்று நோக்க வேண்டும். பேசியவருக்குப் பத்து, பேசியவருக்கு உடந்தையாயிருந்தவருக்கு இருபது! விறகு வெட்டியவனைவிடக் கோடாலி இரவல் தந்தவன் பெரிய குற்றவாளி என்பது எந்த ஊர் நியாயமோ, நமக்குப் புரியவில்லை. லண்டனில் இந்தியா மந்திரியாயிருந்த மார்லிக்கும் புரியவில்லை. இத்தண்டனைகளை ஆதரிக்கத் தம்மால் இயலாது என்று அவர் வைஸ்ராய் மிண்டோவுக்கே எழுதினார்.

தீர்ப்பைக் கேட்ட பிள்ளையின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். பிறகு அவர் தெளியவே இல்லை. தண்டனைக் கணக்கில் சேராத தண்டனை அது.

அதே ஜூலை மாதம் 22-ஆம் தேதி பம்பாயில் பால கங்காதர திலகருக்கு அதே பிரிவில் ஆறு வருஷம் விதிக்கப்பட்டது. விதித்த நீதிபதி தாவர், 1897-ல் அதே திலகருக்காக அதே பிரிவு வழக்கில் ஜாமீன் கேட்டு வாதாடிய வக்கீல்! மனிதன் கோட்டை மாற்றினால் மனமும் மாறுமோ என்று கேட்கத் தோன்றுகிறது. நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பீலைக் கேட்டு, சிதம்பரம் பிள்ளையின் தண்டனையையும் ஆறு வருஷமாக்கியது. நாற்பது எங்கே, ஆறு எங்கே! ஒரே சட்டம், ஒரே பேச்சு, ஒரே சாட்சியம். நடுவில் நாலே மாதம்.

கோயமுத்தூர்ச் சிறையையும் கண்ணனூர்ச் சிறையையும் பற்றி நாம் விரித்துரைக்கப் போவதில்லை. செக்கைத் தமிழர் எல்லோரும் அறிவர். அவர் உள்ளே இருக்கையில் 1911-ல் கப்பல் கம்பெனி கலைந்தது. ‘காலியா’ கப்பல் எந்தக் கம்பெனிக்கு எதிராக வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விலை போயிற்று. அதே வருஷம் ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். வேறொரு பெரிய வழக்கு பிறந்தது. அது தனித் தொடருக்கு ஆகும்.

ஸன்னது

1912 டிசம்பர் 24-ஆம் தேதி சிதம்பரம் பிள்ளை விடுதலையானார். வாசலில் வரவேற்றவர் வெகு சிலர். நம்முடைய கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. பிறருடைய கதைகள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகின்றன.

சிறை சென்ற வக்கீல் வெளியே வந்தால் வக்கீலா? 1879-ஆம் வருஷத்து வக்கீல் தொழில் சட்டத்தின்படி, நடத்தைக் குறைவைக் காட்டும் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற பிளீடரைத் தொழிலிலிருந்து நீக்க உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஏழைகளுக்குக் கூலியின்றி வாதாடியவரின் நடத்தையில் குறைவு! ஸன்னது பறிபோயிற்று. கூலி வாங்கிக் கப்பலேற்றியிருந்தால் அது பணத்தைத் தின்றது. சிறை உடம்பைத் தின்றது. மிச்சமிருந்த ஒரே முதல் சட்ட அறிவு. அதையும் விற்கக் கூடாது என்றால் நாற்பது வயதில், மனைவி மக்களோடு, ஒருவர் என்ன செய்வார்? சென்னைக்குப் போனார். சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் என்று வீடு மாறினார். அரிசி விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். கப்பல் கம்பெனிக்கு ஆயிரம் ஆயிரமாகப் பங்கு சேர்த்தவர் படியாலும் உழக்காலும் அளந்து கொடுத்தார். அமெரிக்கத் தொடரின் வக்கீலுக்காவது குடி என்ற சுகம் ஒன்று இருந்தது. இவருக்குத் தொல்காப்பியமும் திருக்குறளும்.

தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழர்கள் இவர் கஷ்டத்தைக் கேள்வியுற்றுச் சேர்த்த பணம் காந்தியிடம் இருந்தது. 1915-ல் காந்தி சென்னைக்கு வந்தபோது பிள்ளை அவரைச் சந்தித்தார். பணத்தைப்பற்றி இருவருக்குமிடையே கடிதங்கள் பல நடந்தன. 347 ரூபாய் 12 அணா வந்து சேருவதற்குள் மறு வருஷம் பிறந்துவிட்டது. அக்கடிதப் போக்குவரத்தை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பணம் கேட்கக் கூசும் மனிதர், கேட்காமலும் இருக்க முடியாத நிலையில், காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு எப்படி ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார்? நடிகர் ஒருவர் வாய் திறவாமலே ஒரு முழுப் பகுதியை நடித்துவிடலாம்.

பிறகு ஒரு வெள்ளைக்காரரால் நன்மை விளைந்தது. வாலஸ் என்ற ஜட்ஜ், திருநெல்வேலியில் பதவி வகித்த நாளிலேயே பிள்ளையின் வாதத் திறமையை அறிந்தவர். ஸன்னது திரும்பக் கிடைக்க அவரே காரணமானார். பிள்ளை தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். பின்ஹேயின் கையால் கெட்டதும் வாலஸின் கையால் பெற்றதும் ஒரே மனிதர். பெற்ற நன்றியை அவர் மறைக்கவில்லை. சைவப் பெயர் போலவே காதில் விழும்படி அதைச் சமைத்த சாமர்த்தியத்தையும் நாம் ரசிக்கத்தான் வேண்டும். இதோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: இராஜத் துரோகத் தண்டனை காரணமாக 1922-ல் காந்தியின் பெயரை லண்டன் இன்னர் டெம்பிள் தன் வக்கீல் பட்டியலிலிருந்து அடித்தது, திரும்பச் சேர்த்தது 1988-ல். காந்தி மாண்டு நாற்பது வருஷம் ஆகியிருந்தது. நம் பிள்ளைக்கு உயிரோடிருக்கும்போதே கறுப்புக் கோட்டு திரும்பி வந்தது.

அதை மாட்டிக்கொண்டு அவர் போய் உட்கார்ந்த இடம் கோவில்பட்டி. அதாவது சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். அன்றைய சங்கரநயினார்கோவில் தாலுகாவுக்குப் பக்கத்து ஊர். பட்டணத்துக் கோர்ட்டு அல்ல. கரிசல் காட்டு வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும் அடிதடியும் வரும் கோர்ட்டு. அக்கட்சிக்காரர்களில் எத்தனை பேர், தம் வரப்புக்காக எழுந்து நிற்பவர் ஒரு காலத்தில் கடலுக்காக வாதாடியவர் என்று நினைத்தார்களோ! பகலில் வழக்கு, இரவில் ஏடு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பரிசோதித்துப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதி 1935-ல் வெளியிட்டார். 1932-ல் மறுபடியும் தூத்துக்குடி வெயிலுக்கே திரும்பியிருந்தார்.

தொடர் எடுப்போர் இக்கோவில்பட்டி வருஷங்களை விட்டுவிடலாகாது என்பது நம் அபிப்பிராயம். வெடியும் தீயும் இல்லாத பகுதி என்று அஞ்ச வேண்டாம். பெரிய வழக்கிலே தோற்றவர் சின்ன வழக்கிலே எப்படி எழுந்து நிற்கிறார் என்பதைப் பார்க்கச் சங்கரன்கோவில் ஜனங்கள் விழித்திருந்து காத்திருப்பார்கள்; அவர்கள் வீட்டு வழக்கும் அப்படித்தானே இருக்கிறது? பேச்சுமொழியும் நெல்லைச் சீமையின் மொழியாகவே இருக்கட்டும். சென்னை மேடைத் தமிழை அவர் வாயில் திணிக்க வேண்டாம். கோர்ட்டுக் காட்சியில் அந்நாளைய இங்கிலீஷையும் மொழிபெயர்ப்பாளரின் குரலையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். விளைந்த அநியாயத்தில் பாதி அந்த இடைவெளியில்தான் இருந்தது.

124-ஏ பிரிவு சுதந்திரத்துக்குப் பின்னும் எழுபது வருஷத்துக்கு மேல் நம்மோடு வாழ்ந்தது. 2022 மே 11-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பீனல் கோடே போய், பாரதீய நியாய சம்ஹிதை வந்தது. அதில் ‘இராஜத் துரோகம்’ என்ற பெயர் இல்லை; ஆனால் தேசத்தின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைப்பதைப்பற்றி 152-ஆம் பிரிவு உண்டு. பெயர் மாறியதோடு பொருளும் மாறியதா என்று வக்கீல்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிதம்பரம் பிள்ளை 1936 நவம்பர் 18-ஆம் தேதி, தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் காரியாலயத்தில் உயிர் நீத்தார். சாவதற்கு முன் மரண சாசனம் ஒன்று எழுதி வைத்திருந்தார். வக்கீல் எழுதிய சாசனம் அல்லவா, விவரத்தில் குறைவில்லை. கொடுக்க வேண்டிய கடன்களை அதிலே குறித்திருந்தார். கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் அவற்றுள் இருந்தது.